லோ விசில் வாங்கும்போது முதலில் கீழ் டி-யை ஊதிப் பாருங்கள்

கேள்வி இதுதான்: வாசகர் ஒருவர் டின் விசில் (ஆறு துளையுள்ள சின்ன ஐரிஷ் குழல்) ஒரு வருடமாக ஊதுகிறார், ஜிக், ரீல் என்கிற ஐரிஷ் நடன மெட்டுகள் ஓரளவு வேகத்தில் வருகின்றன, அடுத்து லோ டி விசில், அதாவது அதே குழலின் ஒரு ஸ்தாயி தாழ்ந்த நீள வடிவம், ஒன்று வாங்க வேண்டும். நூறு யூரோவுக்குள்ளும் கிடைக்கிறது, முந்நூறைத் தாண்டியும் போகிறது. இதில் தரமானது எது, அதை எப்படி அடையாளம் காண்பது, உலோகமா பிளாஸ்டிக்கா, யாருடைய விசில், பழையது வாங்கலாமா?

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். விலையையும் உலோகத்தையும் யூடியூப் வீடியோவையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். ஆறு துளைகளையும் மூடிக்கொண்டு கீழ் டி-யை, அதாவது விசிலின் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தை, ஊதுங்கள் (டி, ஈ, ஜி எல்லாம் மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்). மெதுவாகத் தொடங்கி, மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். நல்ல விசிலில் அந்த ஸ்வரம் தடித்துக்கொண்டே போகும், ஓரத்தில் ஒரு கரகரப்பு சேரும், நீங்கள் நன்றாகத் தள்ளிய பிறகுதான் மேல் ஸ்தாயிக்குத் தாவும். சுமாரான விசிலில் கொஞ்சம் அழுத்தினாலே தாவிவிடும், தாவக்கூடாதே என்று பயந்து ஊதினால் சத்தம் பஞ்சு போல வெளுத்துப் போகும். லோ விசிலின் உயிர் அந்தக் கீழ் ஸ்தாயியில் இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு நீளக் குழாயைச் சுமக்கிறோம். கீழ் டி-யும் ஈ-யும் தாங்கவில்லை என்றால் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

இந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இது ஏன் என்று புரியும். தாழ்ந்த சுருதிக் குழல்கள் முன்பும் இருந்தன, ஆனால் இன்று நாம் பார்க்கும் அலுமினியக் குழாய் உருவம் 1971 வாக்கில் இங்கிலாந்தில் பெர்னார்ட் ஓவர்டன் செய்தது. டப்ளினைச் சேர்ந்த இல்லன் பைப்ஸ் (அயர்லாந்தின் துருத்திக் குழல்) கலைஞர் ஃபின்பார் ஃப்யூரியிடம் இந்திய மூங்கில் குழல் ஒன்று இருந்தது. அது உடைந்துபோனது. ஒட்டிப் பார்த்தும் சரிவரவில்லை. அதற்குப் பதிலாக உலோகத்தில் ஒன்று செய்து தர முடியுமா என்று ஆரம்பித்த வேலை கடைசியில் டி சுருதி வரை கீழே இறங்கியது. ஆக அயர்லாந்தின் ‘பழமையான’ ஒலி என்று சினிமா ஆட்கள் பயன்படுத்துகிற இந்தச் சத்தத்துக்கு அறுபது வயதுகூட ஆகவில்லை, அதன் தொடக்கத்தில் நம்மூர்ப் பக்கத்து மூங்கில் வேறு இருக்கிறது. பிறகு மூவிங் ஹார்ட்ஸ் குழுவில் இருந்த டேவி ஸ்பில்லேன், 1995-இல் டப்ளினில் மேடையேறிய ரிவர்டான்ஸ் நடன நிகழ்ச்சி என்று அது உலகம் முழுக்கப் பரவியது. கவனித்தால் ஃபின்பார், டேவி இருவருமே பைப்பர்கள், அதாவது பைப்ஸ் வாசிப்பவர்கள். லோ விசிலைப் பிடிக்கும் முறை, ஸ்வரத்தை இழுத்து நெளிக்கும் பழக்கம் எல்லாம் பைப்ஸிலிருந்து வந்தவை. அதனால் விசிலும் அந்த அழுத்தத்தைத் தாங்குகிற மாதிரி இருக்க வேண்டும்.

இனி எதிரழுத்தம். இதைப் பற்றித்தான் ஆரம்பிப்பவர்கள் யாரும் கேட்பதில்லை, ஆனால் வாங்கிய மூன்றாம் மாதம் எல்லோரும் புலம்புவது இதற்குத்தான். ஊதும்போது குழல் உங்கள் மூச்சை எவ்வளவு எதிர்த்துத் தள்ளுகிறது என்பதே விஷயம். காற்றுவழி (ஊதும் முனையில் மூச்சு நுழைந்து போகும் கீற்று) குறுகலாக இருந்தால் எதிர்ப்பு அதிகம்: அழுத்தி ஊத வேண்டும், ஆனால் காற்று குறைவாகச் செலவாகும், ஒரு மூச்சில் நீளமான வரியைக் கடக்கலாம். காற்றுவழி அகலமாக இருந்தால் ஊதுவது சுலபம் போலத் தெரியும், இரண்டு வரிக்குள் நுரையீரல் காலியாகிவிடும். கடையில் நின்று நாலு ஸ்வரம் ஊதுகிறவருக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். வீட்டில் ஒரு ரீலை நிறுத்தாமல் மூன்று முறை வாசித்துப் பார்த்தால் முதலாவதன் அருமை தெரியும். ஜெர்மனியில் செய்யும் காலின் கோல்டி இதனால்தான் தன் விசில்களைத் தளர்வு, நடுத்தரம், கடினம் என்று மூச்சின் வகைப்படி பிரித்தே தருகிறார். டின் விசிலிலிருந்து வருகிறவர் கடினமானதை எடுக்க வேண்டாம், நடுத்தரம் போதும்.

ஸ்லோ ஏர் வாசித்து விசிலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மெதுவான மெட்டில், அதுவும் கொஞ்சம் எதிரொலி சேர்த்துவிட்டால், தண்ணீர்க் குழாய்கூட மனதை உருக்கும். விற்பனை வீடியோக்களில் பாதி அப்படித்தான் எடுக்கிறார்கள். ஒரு ரீலை, வேகம் வேண்டாம், தாளம் தவறாமல் வாசியுங்கள். கீழ் டி-யிலிருந்து நடு ஸ்வரங்களுக்குத் தாவி, மறுபடி கீழே வரும் மெட்டாக இருக்கட்டும். ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் டி உடனே பேசுகிறதா, அல்லது ஒரு கணம் தயங்கி ‘ஃபூ’ என்று மூச்சு மட்டும் வந்து பிறகு ஸ்வரம் வருகிறதா என்று கேளுங்கள். அப்புறம் ஜி-யிலும் ஈ-யிலும் ரோல் (ஒரே ஸ்வரத்தை விரல் அசைவுகளால் இரண்டு இடத்தில் வெட்டும் அலங்காரம்) போடுங்கள். மேல் விரலைச் சட்டென்று தூக்கி வைக்கும் கட், கீழ் விரல் தட்டும் டாப், இரண்டும் ‘டக் டக்’ என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். மந்தமான விசிலில் ரோல் முழுவதும் ஒரு வழுக்கலாகத்தான் காதில் விழும்.

சுருதியைச் சோதிக்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டியூனர் திரையைப் பார்த்துக்கொண்டே ஊதினால் உங்களை அறியாமல் மூச்சைச் சரிசெய்து முள்ளை நடுவில் நிறுத்திவிடுவீர்கள், விசில் நல்ல விசில் என்று நினைத்துக்கொள்வீர்கள். அதற்குப் பதில் போனில் டி சுருதியைத் தம்பூரா மாதிரி ஓடவிட்டு, கண்ணை மூடி, இயல்பான மூச்சில் ஸ்தாயி ஜோடிகளாக வாசியுங்கள்: கீழ் டி, மேல் டி, கீழ் ஈ, மேல் ஈ, பிறகு ஜி, ஏ, பி. மேல் டி-க்கு முதல் துளையைத் திறந்துவிடுவதை மறக்க வேண்டாம். கீழ் ஸ்தாயி சரியாக இருந்து மேல் ஸ்தாயி இறங்கி நின்றால், வாசிக்கும் ஒவ்வொரு நாளும் மேலே போகும்போது கூடுதலாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அந்தத் தள்ளலில் மேல் ஏ-யும் பி-யும் கத்தும். மேல் பி-யை மென்மையாக ஊத முடிகிறதா என்பது கீழ் டி சோதனையின் மறுபக்கம்.

சி நேச்சுரலை மட்டும் தனியாகப் பாருங்கள். மேலிருந்து முதல் துளையைத் திறந்து, இரண்டையும் மூன்றையும் மூடி, கீழ்க்கை மூன்றையும் திறந்தால் அது வர வேண்டும். பல லோ விசில்களில் அது கொஞ்சம் தூக்கலாக வரும், கீழ்க்கையில் இன்னொரு விரலோ இரண்டோ சேர்த்தால்தான் இறங்கும். அது பெரிய குற்றமில்லை, ஆனால் ஏ-யை மையமாகக் கொண்ட ஐரிஷ் மெட்டுகளில் இந்த ஸ்வரம் அடிக்கடி வரும் என்பதால் வாங்குவதற்கு முன்பே எந்த விரல் அமைப்பில் சரியாக வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

சரி, கண்ணால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. ஊதும் முனையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, காற்றுவழிக்குள் ஒரு கண்ணால் பாருங்கள். ஒரே கனமுள்ள நேரான கீற்று தெரிய வேண்டும், அதன் மறுகோடியில் பிளேடின் (காற்று மோதி ஒலி பிறக்கும் கூரான தகடு) விளிம்பு கோணாமல் குறுக்கே நிற்க வேண்டும். கீற்று ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால், பசையோ பிசிறோ தெரிந்தால், கீழே வைத்துவிடுங்கள். பிளேடின் விளிம்பை நகத்தால் தொட வேண்டாம், பார்த்தால் போதும். அங்கே ஒரு சின்ன வெட்டு விழுந்திருந்தாலும் ஒலி கெட்டுவிடும், அதைச் சரிசெய்வது சாதாரண ஆளால் ஆகாது. அடுத்து துளைகள். விரலை ஓட்டினால் விளிம்பு லேசாக உருட்டிவிட்டது போல இருக்க வேண்டும். பத்து நிமிடம் வாசித்துவிட்டு விரலைத் திருப்பிப் பாருங்கள். துளையின் அச்சு வட்டமாகப் பதிந்திருக்கும். அந்த வட்டம் முழுசாக இருந்தால் விரல் ஒழுங்காக மூடியிருக்கிறது. பிறை மாதிரி பாதிதான் பதிந்திருந்தால் அந்தப் பக்கம் காற்று கசிகிறது, கீழ் டி வராததற்குக் காரணம் விசில் இல்லை, விரல்.

ஏனென்றால் லோ டி-யின் துளை இடைவெளி டின் விசில் பழகிய கைக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கும். மொத்த நீளம் 60 சென்டிமீட்டரை ஒட்டி வரும், கீழ்க்கையின் மூன்று விரல்களும் நன்றாக விரிய வேண்டும், ஐந்தாவது துளை பெரும்பாலும் எல்லாவற்றிலும் பெரியது. விரல் நுனியால் மூட முயன்றால் முடியாது. விரல்களை மடக்காமல் நீட்டி, நடுக் கணுவின் சதைப் பகுதியால் மூடுவதைப் பைப்பர் பிடி என்பார்கள். கர்நாடக இசையில் நீளக் குழல் வாசிப்பவர்களுக்கு இது உடனே வந்துவிடும், துளையைப் பாதி திறந்து ஸ்வரத்தை வழுக்கும் பழக்கமும் இங்கே நேராகக் கைகொடுக்கும். மற்றவர்களுக்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்காக உடனே கை சின்னது என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் உண்மையிலேயே சின்னக் கை என்றால் வழிகள் உண்டு. கீழ்த்துளையைப் பக்கவாட்டில் தள்ளி வைத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் விசில் செய்யும் ரெய்பர்ன் இதற்கென்றே ஒரு வடிவம் செய்கிறார், சுசாட்டோ என்ற பெயரில் வரும் விசில்களில் சாவி (எட்டாத துளையை மூட உதவும் நெம்புகோல்) வைத்த லோ டி-யும் வரும். இல்லையென்றால் லோ எஃப் அல்லது லோ ஜி-யில் தொடங்குங்கள். தாழ்ந்த ஒலியின் சுவை கிடைக்கும், கை நோகாது. ஒரே குறை, செஷனில் (பப்பில் பலர் கூடி உட்கார்ந்து வாசிக்கும் இடம்) மற்றவர்கள் டி-யில் வாசிக்கும்போது சேர்ந்து வாசிக்க முடியாது.

தபாலில் வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. துளைகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று செய்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அந்த அளவில் ஒரு பிவிசி குழாயின் மேல் வட்ட ஸ்டிக்கர் ஒட்டி, கால் மணி நேரம் கையை வைத்துக்கொண்டு டிவி பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் அந்த விசில் உங்களுக்கு இல்லை.

உலோகமா பிளாஸ்டிக்கா என்கிற சண்டைக்கு நான் அதிக நேரம் கொடுக்க மாட்டேன். ஒலியைத் தீர்மானிப்பது காற்றுவழியும் பிளேடும் குழாயின் உள் விட்டமும் துளைகளும்தான். பொருள் தருவது எடை, வெப்பம், ஆயுள். பித்தளை லோ டி கனமாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் வலது கட்டைவிரல் கெஞ்சும். அலுமினியம் நடுவாந்தரம், ஆனால் குளிரில் ஐஸ் மாதிரி ஆகிவிடும். பிளாஸ்டிக்கும் கார்பன் ஃபைபரும் இலேசு, குளிர் தாக்குவதும் குறைவு.

குளிர் என்றதும் ஒன்று. ஒரு டிகிரி வெப்பம் குறைந்தால் குழலுக்குள் இருக்கும் காற்றின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் (அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கும். நவம்பர் மாலையில் அயர்லாந்தின் கால்வேயில் தெருவில் நடந்து வந்து பப்புக்குள் நுழைந்ததும் எடுத்து ஊதினால் எல்லோரையும்விடக் கீழே நிற்பீர்கள், கூடவே மூச்சின் ஈரம் குளிர்ந்த காற்றுவழியில் படிந்து இரண்டு நிமிடத்தில் குரல் அடைத்துக்கொள்ளும். குறுகிய காற்றுவழி உள்ள நல்ல விசில்களில்தான் இந்தத் தொல்லை அதிகம், அதனால் அடைப்பதை வைத்து மட்டமான விசில் என்று முடிவு செய்யாதீர்கள். தலைப் பகுதியைக் கோட்டுக்குள் அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு தண்ணீரில் கலந்து காற்றுவழியில் ஓடவிட்டு அப்படியே காயவைத்தால் ஈரம் முத்து முத்தாக நிற்காமல் வழிந்துவிடும். பலரும் செய்கிற கைவைத்தியம் இது. சுருதிக்காக, தலைப்பகுதி தனியாக நகரும் விசிலையே வாங்குங்கள். சேர்ந்து வாசிப்பவருக்கு நகராத ஒற்றைக் குழாய் சரிப்படாது.

இப்போது பெயர்கள். என் சாய்வு இதில் தெரியும், தெரியட்டும்.

குறைந்த காசில் தொடங்க இங்கிலாந்தின் டோனி டிக்சன் செய்யும் பிளாஸ்டிக் லோ டி நல்லது. இலேசு, மூச்சுக்கு இதமானது, சத்தம் கொஞ்சம் சாது. ஃபில் ஹார்டியின் கெர்ரி விசில்களில் விலை குறைந்த ஆப்டிமா அலுமினியத்தில் வருகிறது, ஓவர்டன் பாணி ஒலி என்ன என்பதை அது ஓரளவு காட்டிவிடும். சுசாட்டோ உரத்துப் பேசும், சுருதி சுத்தம், ஆனால் ரெக்கார்டர் என்கிற மேற்கத்தியக் குழலின் சாயல் இருக்கிறது. எனக்கு அந்தச் சுத்தம் பிடிப்பதில்லை, பலருக்குப் பிடிக்கும். ஷெஃபீல்டின் ஹோவர்டு முரட்டுத்தனமான ஒலி, காற்றையும் அதே முரட்டுத்தனத்தோடு கேட்கும்.

மேலே போனால் ஸ்காட்லாந்தின் எம்கே ப்ரோவும் கோல்டியும்தான் பேச்சில் முதலில் அடிபடும். எம்கே-யின் கீழ் டி-யில் நான் மேலே சொன்ன அந்தக் கரகரப்பு தாராளமாக இருக்கிறது, மூச்சைக் கொஞ்சம் மாற்றினாலே நிறம் மாறும். அதே காரணத்தால் மூச்சு தடுமாறினால் காட்டிக்கொடுத்துவிடும். அவர்களே கெல்பி என்று விலை குறைந்த ஒன்றையும் செய்கிறார்கள், ஒரே ஒரு லோ டி போதும் என்பவருக்கு அதையே சொல்வேன். கோல்டி இன்னும் இறுக்கமானது, ஒருமுகமானது, பைப்ஸ் வாசிப்பவர் கையில் உச்சம். மைக்கேல் பர்க் பெயரில் வரும் அமெரிக்க விசில்கள் மேல் ஸ்தாயிக்கு வழுக்கிக்கொண்டு போகும், எல்லா ஸ்வரமும் சமமாக இருக்கும். கரகரப்பு தேடுபவருக்கு அது கொஞ்சம் பாலிஷ்.

நூறு யூரோ விசிலுக்கும் முந்நூறு யூரோ விசிலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டீர்கள். விலை அதிகமானால் சத்தம் பெரிதாகும் என்பதில்லை. விலை கூடிய விசிலை ஒருவர் கையால் காற்றுவழியைத் தேய்த்து, ஊதிப் பார்த்து, மறுபடி தேய்த்து அனுப்புகிறார், அந்த நேரத்துக்கான காசு அது. அதனால் கீழ் டி தாங்குவதும் மேல் பி மென்மையாக வருவதும் ஒரே விசிலில் சேர்ந்து கிடைக்கும். விலை குறைந்ததில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த வித்தியாசத்தை உணர உங்கள் மூச்சு தயாராக இருக்க வேண்டும். உங்கள் நிலையில் நேராகக் கோல்டிக்குப் போகத் தேவையில்லை. செய்தவர் பெயரே போடாமல் ஆன்லைன் கடைகளில் வரும் லோ டி-களை மட்டும் தொடாதீர்கள். சில நன்றாக இருக்கலாம், ஆனால் அடுத்ததும் அப்படியே இருக்கும் என்பதற்கு யார் பொறுப்பு?

செஷனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாங்கிய பிறகு வருத்தப்படக் கூடாது. லோ டி-யின் கீழ் ஸ்வரம் 294 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கிறது, உங்கள் டின் விசிலைவிட ஒரு ஸ்தாயி கீழே. நாலு ஃபிடில், ஒரு அக்கார்டியன், ஒரு பாஞ்சோ உட்கார்ந்த மேஜையில் அது யார் காதிலும் விழாது. மரப் புல்லாங்குழலும் அதே ஸ்தாயிதான், ஆனால் உதட்டால் ஒலியைக் கூர்மையாக்க அதில் முடியும், விசிலில் அந்த வசதி கிடையாது. மேடையில் மைக் முன்னால் லோ விசில் ராஜா, பப் மேஜையில் அப்படியில்லை. ஃப்ளூக் குழுவின் பிரையன் ஃபினகனையோ மைக்கேல் மெக்கோல்ட்ரிக்கையோ கேட்டு ஆசைப்பட்டிருந்தால், அந்த ஒலியில் மைக்குக்கும் பங்கு உண்டு என்று தெரிந்து வாங்குங்கள். செஷனுக்கு டின் விசிலையும் கூடவே எடுத்துப் போங்கள்.

பழைய விசில் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாங்கலாம், அலுமினியக் குழாய் கிழடாகாது. ஓவர்டன் என்று விளம்பரம் வந்தால் யார் செய்தது, எந்தக் காலத்தது என்று கேளுங்கள், ஏனென்றால் பெர்னார்ட் ஓவர்டன் தவிர கோல்டியும் அந்தப் பெயரில் செய்துவிட்டுப் பிறகுதான் தன் பெயருக்கு மாறினார், விலையும் அதற்கேற்ப மாறும். பிளேடை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், துளைகளை யாராவது அரத்தால் பெரிதாக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள், தலைப்பகுதியை நகர்த்தும் ஸ்லைடு இறுகிப்போகாமல் நகர்கிறதா என்று கேளுங்கள். முடிந்தால் வெட்டாத ஒரு நிமிட ஒலிப்பதிவு கேளுங்கள், எதிரொலி சேர்க்காமல், கீழ் டி-யில் தொடங்கி மேல் பி வரை போய்த் திரும்பும் ஒரு ரீல். விற்பவர் ஸ்லோ ஏர்தான் அனுப்புவார். மறுபடி கேளுங்கள்.